மூன்றாவது முடிச்சு

கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுவதை யாரும் பார்ப்பதில்லை. வந்தவர்கள் பார்ப்பது கேமராக்காரர்களின் முதுகைத்தான். பிறகு வீட்டில் படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, அதையே நேரில் கண்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டரம்மா.

எங்கள் வழக்கத்தில் தாலியின் மூன்றாவது முடிச்சை மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் போட வேண்டும். பேரிகை ஊரில் எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக அந்த முடிச்சை வேறு கை தொட்டதில்லை. என் மகன் கல்யாணத்தில் அது என் மகள் அருணாவின் உரிமை. முகூர்த்தத்தின்போது அவள் மேடையில் இல்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். என் தம்பி மகள் முடிச்சைப் போட்டாள். வெளியே சொல்லக் கூடாது என்றேன். வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் ஓசூரில், கல்யாணத்தைப் படம் எடுத்த ஷௌகத் அலியின் ஸ்டுடியோவுக்குப் போனேன். மேடையில் மூன்று கேமராக்கள் ஓடியிருந்தன.

“மூணு கேமரா, மூணு நெறம்ங்கய்யா. மூணு மருமகளுங்கள ஒரே அடுப்படியில விட்ட மாதிரி. ஒண்ணு சொல்றத இன்னொண்ணு கேக்காது” என்றார்.

கேமராக்களின் கடிகாரங்களும் ஒத்துப்போகவில்லை. கெட்டிமேளத்தின் முதல் அடியை வைத்து மூன்றையும் கணினியில் ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்தார். அருணாவுக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது, ஊர் பேசும், அவளையும் சேர்க்க வேண்டும் என்றேன்.

“அதுக்கென்னங்கய்யா. போன மாசம் மண்டபத்துக்கே வராத தாய்மாமன மாலையோட நிறுத்தினேன். அவரே பாத்துட்டு, நல்லா வந்திருக்கேன்னாரு.”

முந்தைய நாள் மாலை வரவேற்பில் எடுத்த அருணாவின் முகத்தைத் தேர்ந்தெடுத்தோம். வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பட்டு எடுத்திருந்தது வசதியாகப் போயிற்று. மாலை வெளிச்சத்தின் நீலத்தைக் குறைத்து, காலை வெளிச்சத்தின் மஞ்சளை ஏற்றினார். தம்பி மகளின் விரல்கள் முடிச்சுப் போடுகின்றன. அடுத்து அருணாவின் முகம். ஷௌகத் அலியை நீங்கள் தொந்தரவு செய்ய வேண்டாம். அவருக்கு எதுவும் தெரியாது.

மூன்றாம் நாள் கெலவரப்பள்ளி அணையில் அருணா பிணமாகக் கிடைத்தாள். நான் படத்தை உங்களிடம் கொடுத்தேன். ஒன்பது நாற்பதுக்கு முடிச்சுப் போட்டாள், பிறகு மாதேஸ்வரனோடு போய்விட்டாள் என்று சொன்னேன். அவளோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் நாட்றாம்பாளையத்துப் பையன் அவன். எங்களவன் அல்ல. அன்று காலை எட்டு மணிவரை அவன் ஷிப்டில் இருந்தான். ஒன்பது நாற்பதுக்கு வெளியே இருந்தான். நான்கு மாதமாகச் சிறையில் இருக்கிறான்.

அந்த நான்கு மாதமும் படத்தைத் தினமும் பார்த்தேன். பார்க்காதபோதும் அந்த முகம் சுவரில் நின்றது.

நேற்று நீங்கள் கேட்டீர்கள்: “எல்லாரும் தாலியப் பாக்கறாங்க. உங்க பொண்ணு மட்டும் யாரப் பாக்குது?”

“என்னை” என்றேன். அது உண்மை. வரவேற்பில் நான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். ஆனால் முகூர்த்தத்தில் நான் மகனுக்குப் பின்னால் நின்றதும் அதே படத்தில் இருக்கிறது. நீங்கள் படத்தை நிறுத்திவிட்டு, எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னீர்கள்.

கல்யாணத்தன்று விடிந்ததும் அவள் என்னிடம் வந்து சொன்னாள்: “அண்ணனுக்கு முடிச்சப் போட்டுட்டுப் போயிடறேன்ப்பா. ஷிப்ட் முடிஞ்சு அவரு மண்டப வாசலுக்கு வருவாரு. முடிச்சு போடற வரைக்கும் மட்டும் விடுங்க.”

ஊரே உட்கார்ந்திருக்கும் மண்டபத்தின் நடுவே அவள் இறங்கி நடப்பதை நினைத்துப் பார்த்தேன். கோயிலுக்குப் போய்விட்டு வரலாம் என்று காரில் ஏற்றினேன். அணைக்குப் போனபோது மணி ஆறு. தண்ணீரை ஆலைக் கழிவின் நுரை மூடியிருந்தது. எனக்கு முன்னால் நடந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. தள்ளினேன். கரையைப் பிடித்த கையை எடுத்துவிட்டேன். விலகிய நுரை மறுபடி சேர்ந்துகொண்டது. ஏழரைக்கு மண்டபத்தில் சம்பந்தியை வரவேற்றேன்.

மாதேஸ்வரனை விட்டுவிடுங்கள். படத்தை மட்டும் மாற்ற வேண்டாம். என் மகள் கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்று. தகப்பனாக அதை நான் அவளுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன்.