நாற்பத்திரண்டு வீட்டுச் சிரிப்பு

பொதுமக்கள் கவனத்திற்கு ஒரு முக்கியச் செய்தி. இன்று மாலை ஐந்து நாற்பதுக்கு, இக்கூடத்தின் வாசலில், தபால்கார அண்ணன் எங்கள் கணக்கு டீச்சரின் காலை மிதித்துவிட்டார். மிதித்தவர் மன்னிப்புக் கேட்டார். மிதிபட்டவரோ, ஒருவர் காலை ஒருவர் மிதித்து எத்தனை நாளாயிற்று என்று நன்றி சொன்னார். காயமில்லை. கூட்டம் தொடரலாம்.

ஊசியின் கூர்மையை வசனத்துக்கும் தந்த எங்கள் நாடகக் குழுத் தலைவர், தையற்கடை ஐயா அவர்களே! நரைத்த தலையால் இந்த அரங்குக்கு வெளிச்சம் தரும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! திரைக்குப் பின்னால் அரிதாரம் பூசிக்கொண்டிருக்கும் சலூன் மாமா அவர்களே! அனைவருக்கும் அடியேனின் அன்பு வணக்கம்.

நோய் வந்தது. தெரு அடங்கியது. கூடத்துக்குப் பூட்டு விழுந்தது. நாடகத்துக்கும் விழுந்ததா? இல்லை! கூடத்தில் நடந்தது கைபேசிக்குள் குடிபுகுந்தது. ஞாயிறுதோறும் நாற்பத்திரண்டு வீடுகள் ஒரே திரையில் கூடின. சமையலறை அரண்மனை ஆனது. போர்வை போர்க்கவசம் ஆனது. ராணி ஆணையிட்டால் குக்கர் கட்டியம் கூறியது. அத்தனையையும் இயக்கியவன் யார்? தற்பெருமை எனக்குப் பிடிக்காது; ஆகவே மெதுவாகச் சொல்கிறேன், நான்தான். என்ன, பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? நான்தான்!

ஆனால் நம் சலூன் மாமா? இருபது ஆண்டுகளாக நம்மைச் சிரிக்க வைத்தவர். கடை மூடியது, கத்தரி ஓய்ந்தது, அவருக்கு மிஞ்சியது அந்த ஞாயிறு மட்டுமே. சீப்பையே செங்கோலாகப் பிடித்து நடித்தார். நகைச்சுவை சொல்வார், நிறுத்துவார், காத்திருப்பார். ஒரு சத்தமும் வராது. திரையில் நம் முகங்களோ கடுகளவு. சிரிக்கிறோமா, கொட்டாவி விடுகிறோமா, அவர் எப்படிக் கண்டார்? மூன்று ஞாயிறு பொறுத்தார். பிறகு என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, ஜனங்க சிரிக்கிற சத்தத்த வச்சுத்தான் நான் அடுத்த வசனத்தையே எடுப்பேன். இப்ப கெணத்துல கல்லப் போட்டுட்டுக் காதத் தீட்டிக்கிட்டு நிக்கிறேன். தண்ணி சத்தமே வரல. வர்ற வாரத்தோட நிறுத்திக்கிறேன்பா."

நான்காம் ஞாயிறு. மாமா முதல் நகைச்சுவையைச் சொன்னார். நிறுத்தினார். நான் ஒரு பொத்தானை அழுத்தினேன்.

மடை திறந்தது, ஐயா! தபால்கார அண்ணனின் விக்கல் சிரிப்பு. கணக்கு டீச்சரின் மீதி வைத்துச் சிரிக்கும் சிரிப்பு. இருமலா சிரிப்பா என்று தெரியாமல் வீட்டார் நால்வரை வாசலுக்கு ஓடவைத்த நம் தலைவரின் சிரிப்பு! மாமா வசனத்தை மறந்தார். சீப்பு நழுவியது. திரைக்கு மிக அருகில் வந்து, மெல்லக் கேட்டார்:

"எல்லாரும் இருக்கீங்களா?"

"இருக்கோம்" என்றது ஒரு வீடு. "இருக்கோம், மாமா" என்றது இன்னொரு வீடு. நாற்பத்திரண்டு வீடும் சொல்லி முடிக்கும்வரை நாடகம் நின்றது. அந்த நாட்களில் அதைவிடப் பெரிய வசனம் எது? அதைவிட இனிய பாட்டு எது? இருந்தீர்களே, அதற்கு நன்றி! இருக்கிறோம் என்று சொன்னீர்களே, அதற்கும் நன்றி! அந்தச் சிரிப்பை மீட்டுத் தந்த சிங்கம் என்று என்னை நீங்கள்...

இரண்டாம் வரிசையில் என் தாயார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். அது நல்ல அறிகுறி அல்ல. சொல்லிவிடுகிறேன், அம்மா.

முதல் ஞாயிறு, அரசவைக் காட்சியின் நடுவே, "டேய், மூணு நாளா அதே பனியன்தானா?" என்ற என் தாயாரின் குரல் நாற்பத்திரண்டு வீட்டிலும் ஒலித்தது. மானம் போன வேகத்தில், நடிகர்களைத் தவிர அத்தனை பேர் வாயையும் ஒரே பொத்தானில் அடைத்தேன். திறக்கவில்லை. மாமா அழைத்தபோதே எனக்குக் காரணம் தெரியும். இணையக் கோளாறு என்றேன். அந்தக் கோளாறுதான் இதோ மைக் முன்னால் நிற்கிறது. மாமா நிறுத்தப்போகும் சேதி கேட்டு, வயிறு வலிக்கச் சிரித்தோமே, அது ஏன் அவருக்குக் கேட்கவில்லை என்று என்னைத் துருவிக் கண்டுபிடித்தவர் அம்மாதான். நான்காம் ஞாயிறு பொத்தானை அழுத்தியது என் விரல். என் காதோ அவர் கையில் இருந்தது.

மாமா, மன்னித்துவிடுங்கள். இன்று இவர்கள் சிரித்தால் என்னால் அடைக்க முடியாது; இந்தக் கூடத்தில் அதற்குப் பொத்தான் இல்லை. தைரியமாக வெளியே வாருங்கள். எல்லாரும் இருக்கிறோம். நன்றி, வணக்கம்.