காலி வீடு

என்னை உட்காரச் சொல்லாதீர்கள், வக்கீலம்மா. உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். நின்றபடியே சொல்லிவிடுகிறேன். நடுவில் ஜன்னல் பக்கம் நடந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டுக்கடன் வசூலிக்கும் கம்பெனிக்கு நான் பூட்டு மாற்றுகிறவன். தவணை நின்று, ஆளும் காலி செய்துவிட்டுப் போன வீடுகளுக்குத்தான் அனுப்புவார்கள். உள்ளே ஆள் இருந்தால் தொடக்கூடாது, கோர்ட் உத்தரவு வேண்டும். நல்ல விதிதான், நான் குறை சொல்ல மாட்டேன்.

உங்கள் கட்சிக்காரர், அந்த நர்ஸம்மா, தவணையை ஒழுங்காகத்தான் கட்டியிருக்கிறார். கட்டியதை எல்லாம் அபராதத்தில் கழித்துவிட்டு, தவணை வரவில்லை என்று ஆஸ்பத்திரிக்கே போன் போட்டுக் குடைந்திருக்கிறார்கள். அவர் வழக்குப் போட்டதும் மேனேஜருக்கு மூக்குக்கு மேல் கோபம். "கேஸ் சூடு பிடிக்கறதுக்குள்ள அந்த வீட்டைப் பூட்டிடு. அங்க யாரும் இல்ல, புரியுதா?" என்றார். எனக்குப் புரிந்தது.

நான் முரடன் இல்லை. தட்டிப் பார்த்தேன். வாசலில் செருப்புகூட இல்லை. புதுப் பூட்டைப் பொருத்தி, 'காலி வீடு' என்ற நோட்டீஸை ஒட்டினேன். மத்தியானம் நர்ஸம்மாவின் அப்பாவுக்குச் சாப்பாடும் மாத்திரையும் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா அதைப் படித்துவிட்டு, இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்களே என்று வருத்தத்தோடு திரும்பிவிட்டாராம். நர்ஸம்மாவுக்குப் போன் போட்டும் பார்த்திருக்கிறார். கம்பெனித் தொல்லை தாங்காமல் நர்ஸம்மா போனை அணைத்தே வைத்திருந்தார். அன்று அவருக்குத் தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட். மறுநாள் காலையில் வந்து கதவை உடைத்தபோது, பெரியவர் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் செத்துக் கிடந்தார்.

உள்ளே சத்தமே கேட்கவில்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னால் என் வேலை நிலைக்கும். ஆனால் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சோற்றில் கை வைத்ததும் எழுந்துவிடுகிறேன். "என்னங்க, முள்ளு மேலயா உட்கார்ந்திருக்கீங்க?" என்கிறாள் மனைவி.

கேட்டது. கடைசித் திருகை முடுக்கும்போது, "யாருப்பா அது?" என்றார்.

"பூட்டு ரிப்பேர், பெரியவரே. உங்க பொண்ணுதான் வரச் சொன்னாங்க."

"நல்லதுப்பா. கொஞ்சம் தண்ணி தரியா? என்னால எழுந்திருக்க முடியல."

"அவங்க இப்ப வந்துடுவாங்க. கண்ண மூடிப் படுங்க" என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், அம்மா. நான் அவரைப் பயமுறுத்தவே இல்லை. வேறு ஒருவனாக இருந்தால் பதில்கூடச் சொல்லியிருக்க மாட்டான்.