ஆபீசர் கேட்டா என்ன சொல்லணும்

— இன்னொருக்கா சொல்லுங்க மகள். எதுக்குக் கனடாவுக்குப் போறீங்க?

— தீம் பார்க் பாக்க.

— எத்தினி நாளைக்கு?

— ரெண்டு கிழமைக்கு. பதினாலு நாள். பெறகு மாத்தளைக்கு வந்துருவோம். ஸ்கூல் இருக்கு.

— சிரிச்சுக்கிட்டு சொல்லணும். செத்த வீட்டுக்குப் போற மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டு தீம் பார்க்னு சொன்னா ஆபீசர் நம்புவாரா? விளங்குதா?

லோஜனா பல்லைக் காட்டினாள். அவளுக்கு எட்டு வயது. துணி அயன் பண்ணும் மேசைக்குப் பின்னால், தன் கல்யாணத்துக்குக் கட்டிய டையைக் கட்டிக்கொண்டு விமான நிலைய அதிகாரியாக உட்கார்ந்திருந்தான் அவளுடைய அப்பா பவித்ரன். கலேவெலையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். தினமும் காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், மாலையில் தொங்கிக்கொண்டு திரும்புகிறவன். இந்த நாட்டில் பிள்ளைகளை ஆளாக்க முடியாது என்று முடிவுகட்டியிருந்தான்.

கனடாவில் இருந்த அவனுடைய அண்ணன் சொல்லிக்கொடுத்த வழி லேசானது. விசிட் விசாவில் குடும்பமாகப் போவது. இறங்கிய பிறகு ஒரு லோயரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடுவது. திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்து எடுத்ததெல்லாம் ஆபீசர்களின் மனச்சாந்திக்காகத்தான். பிள்ளைகளுக்கு இது எதுவும் தெரியாது. அவர்களுக்கு அது தீம் பார்க். அப்பா பாடம் நடத்திப் பரீட்சையும் வைத்துக் கூட்டிக்கொண்டு போகிற, உலகத்திலேயே கஷ்டமான தீம் பார்க்.

— அப்பா, அங்க கொத்து ரொட்டி விப்பாங்களா?

கேட்டவன் திலுக்‌ஷன், ஐந்து வயது.

— ஆபீசர்கிட்ட கொத்து ரொட்டியப் பத்திப் பேசக்கூடாது மகன்.

— ஆபீசருக்குக் கொத்து பிடிக்காதா?

பவித்ரன் டையைத் தளர்த்திக்கொண்டான். சின்னவன்தான் அவனுக்குப் பெரிய தலைவலி. கியூவில் நின்று பழக வேண்டும் என்று ஒரு நாள் இரண்டு பேரையும் குளியலறை வாசலில் வரிசையாக நிறுத்தினான். முறை வருவதற்குள் சின்னவன் நின்ற இடத்திலேயே காற்சட்டையை நனைத்துவிட்டான். குளிர் பழக வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிவர்ஸ்டன் மலைக்குக் கூட்டிப் போனான். காற்று ஆளைத் தூக்கியது. ஒரு முழத் தூரத்துக்கு அப்பால் பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டராகப் போட்டு உருண்டையாக நின்ற திலுக்‌ஷன், சுற்றிலும் பார்த்துவிட்டு, கனடா பார்த்தது போதும், வீட்டுக்குப் போவோம் என்றான்.

லோஜனா அப்படியில்லை. கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லுவாள். ஆனால், பதில் சொல்லி முடித்த பிறகு கேள்வி கேட்பாள்.

— அப்பா, உண்மையாவே நாங்க திரும்பி வருவோமா?

— ஆபீசர் கேட்டா வருவோம்.

— நான் கேட்டா?

பவித்ரன் மேசையில் இருந்த பாஸ்போர்ட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினான். பிறகு திரும்பவும் அடுக்கினான்.

— இன்னைக்கு பாடம் போதும் மகள். போய்த் தண்ணி குடிங்க.

இத்தனைக்கும் நடுவில் அவன் மனைவி அஜிதா ஒரு வார்த்தை பேசவில்லை. டவுனில் ஒரு பாடசாலையில் இங்கிலீஷ் டீச்சர். விசா கிடைத்த புதிதில் அவள் சும்மா இருக்கவில்லை. எனக்கு என் ஊரும் என் வகுப்பும் போதும், பொய் சொல்லிப் பிழைக்கிற பிழைப்பு வேண்டாம் என்று பல நாள் சண்டை போட்டாள். பெண்களுக்குத் தூரப் பார்வை கிடையாது என்று பவித்ரன் விளக்கம் சொன்னான். ஒரு நாள் அவள் சண்டையை நிறுத்திவிட்டாள். தன் விளக்கம் வேலை செய்துவிட்டது என்று அவன் நம்பினான்.

அதற்குப் பிறகு அவள் செய்த ஒவ்வொன்றும் அவனை அசத்தியது. வேலையை விடாமல் பாடசாலையில் லீவு மட்டும் கேட்டாள். ஃபிரிட்ஜை விற்றுவிடுவோம் என்றதற்கு, விற்றால் ஊருக்கே விளங்கிவிடும் என்றாள். பிள்ளைகளுக்குத் தண்ணீரில் விளையாட நீச்சல் உடுப்பு வாங்கினாள். பக்கத்து வீட்டு நூருன்னிஸாவிடம் சாவியைக் கொடுத்து, வந்ததும் வாங்கிக்கொள்கிறேன், அதுவரைக்கும் ரோசாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொன்னபோது பவித்ரனுக்கே கண் கலங்கியது.

— நீ டீச்சரா இருந்திருக்கக் கூடாது அஜிதா. நாடகத்துல நடிச்சிருக்கணும்.

— ம்ம்.

— நூருன்னிஸா அப்படியே நம்பிட்டாங்க.

— நம்பாம என்ன?

இரவில் அவள் பிள்ளைகளைப் படுக்கவைத்துக்கொண்டு தீம் பார்க்கைப் பற்றித் தானும் சொல்லிக்கொடுப்பது அறைக்கு வெளியே கேட்கும். எந்தெந்த ராட்டினத்தில் ஏறுவது, பயம் வந்தால் யார் கையைப் பிடிப்பது, கூட்டத்தில் தொலைந்தால் எங்கே நிற்பது. தன் பாடத்துக்கு அவள் டியூஷன் எடுக்கிறாள் என்று பவித்ரன் மகிழ்ந்துபோனான்.

கனடாவில் விமானம் இறங்கியதும், கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி வந்த காரணம் எழுதிய படிவத்தைப் பார்த்துவிட்டு, சிரித்த முகத்தோடு பவித்ரனைத்தான் முதலில் கேட்டாள்: தீம் பார்க்கில் உங்களுக்கு எதில் ஏற ஆசை? இத்தனை நாள் பாடத்தில் அவன் மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. திரும்பி வரும் டிக்கெட்டுகளை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினான். டையைத் தளர்த்தினான். அதிகாரியின் சிரிப்பு மெல்லக் குறைந்துகொண்டே வந்தது.

அப்போது லோஜனா எட்டிப் பார்த்து, அப்பாவுக்கு உயரம் என்றால் பயம், அவர் கீழே நின்று எங்கள் பைகளைப் பார்த்துக்கொள்வார் என்று இங்கிலீஷில் சொன்னாள். அதற்குப் பிறகு என்ன செய்வீர்கள் என்று அதிகாரி கேட்டாள். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போவோம், எனக்கு ஸ்கூல் தொடங்குகிறது என்றாள் லோஜனா. கண் இமைக்கவில்லை, குரல் நடுங்கவில்லை. அதிகாரி பாஸ்போர்ட்டுகளில் முத்திரை குத்தி உள்ளே விட்டாள்.

பெட்டி எடுக்கும் இடத்துக்கு வந்ததும் பவித்ரன் மகளுக்கு முன்னால் முழங்காலிட்டு அவள் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டான். வெளியே அண்ணன் காருடன் காத்திருந்தார். உடம்பெல்லாம் வியர்த்திருந்தாலும், பிறந்ததிலிருந்து இப்படியொரு வெற்றியை அவன் கண்டதில்லை.

— எங்க குடும்பத்தையே காப்பாத்திட்டீங்க மகள். எவ்வளவு அழகாப் பொய் சொன்னீங்க.

— நான் பொய் சொல்லலையே அப்பா.

பவித்ரன் சிரித்தபடி அஜிதாவை நிமிர்ந்து பார்த்தான். அவள் தூங்கி விழுந்த சின்னவனைத் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டாள்.

— அவ பொய் சொல்லலங்க. பிள்ளைகளுக்கு வாக்குக் குடுத்தாச்சு, தீம் பார்க்கப் பாத்துட்டு நாங்க மூணு பேரும் வீட்டுக்குப் போறோம். நீங்க வாறீங்களா, இங்கயே இருக்கப் போறீங்களா?