குடை மாமா

மணி ரெண்டு... ராத்திரி ரெண்டு இல்லடி, மத்தியானம் ரெண்டு. பேய்னா ராத்திரி ஷிஃப்ட்லதான் வேலை பாக்கணுமா என்ன? நல்ல உச்சி வெயில். நேர் ரோடு. ரெண்டு பக்கமும் ஒரு வீடு கிடையாது, ஒரு கடை கிடையாது. தார் உருகுற வாசனை மட்டும்தான்.

அந்த ரோட்லதான் அவர் பைக்ல வந்திட்டிருந்தார். அவர்னா... எங்க லேப்ல ரத்தம் எடுக்குற ஒருத்தி இருக்கான்னு சொல்வேனே, என் பக்கத்து சீட்டு. அவளோட அண்ணன். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கல்யாணம் ஆகி ஆறு வயசுல ஒரு பொண்ணு. வயசான அம்மாவும் அவங்க கூடத்தான் இருக்காங்க.

எதையும் சட்டுனு நம்பாத ஆளு அவர். கடையில புது நட்டு வாங்கினாக்கூட வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டுத்தான் பையில போடுவாராம். அப்படிப்பட்டவருக்குத்தான் இது நடந்தது. என்னை மாதிரி வெள்ளந்திக்கு நடந்திருந்தாலும் பரவாயில்ல. சிரிக்காதீங்க, நான் வெள்ளந்திதான்.

ரோட்டோரமா ஒரு ஆள் நின்னு கை காட்டியிருக்கான். நாப்பது வயசு இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை. சரி பாவம்னு ஏத்திக்கிட்டார். பின்னாடி ஏறி உக்காந்ததும் ஒரு வாசனை... ரொம்ப வருஷமா திறக்காத பீரோவைத் திறந்தா வருமே, அந்துருண்டை வாசனை. அது.

கொஞ்ச தூரம் போனதும் அந்த ஆள் பேச்சுக் கொடுத்தான். நம்மாளுங்க எல்லாரும் கேக்குற கேள்விதான். "தம்பி எந்தப் பக்கம்? யாரு வீட்டுப் பிள்ளை?"

இவரும் சொன்னார். அப்பா இப்ப இல்ல, முன்னாடி வாட்ச் ரிப்பேர் கடை வெச்சிருந்தார்னு.

"அட... வாட்ச் கடைக்காரர் பையனா? அந்தக் கடையில பார்ட்னரா இருந்தாரே, அவரோட சகலை பையன்தான் நான். உலகம் எவ்ளோ சின்னது பாத்தீங்களா?"

இவருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அத்துவானக் காட்டுல ஏத்தின ஆளு, சுத்தி வளைச்சு சொந்தம் மாதிரி ஆயிட்டானேன்னு. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னார். அம்மா யோசிச்சாங்க. பார்ட்னர் இருந்தது நெஜம், சகலையெல்லாம் தெரியலையேன்னாங்க. மறுநாள் காலையில அவங்களே வந்து, "ஆமாண்டா, அந்தச் சகலைக்கு ஒரு பையன் இருந்தான், ஞாபகம் வந்துடுச்சு"ன்னாங்க.

அவ்ளோதான். விட்டுட்டார்.

அடுத்த வாரம் ஒரு வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் பாக்கப் போயிருக்கார். இவருக்குப் பழக்கமே இல்லாத வீடு. கதவு திறந்ததும் அந்துருண்டை வாசனை... சோஃபாவுல அதே ஆள். அந்த வீட்டுக்காரருக்கு நண்பராம். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சதும் அந்த ஆள் சொல்றான், "அன்னிக்கு ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். உங்க தாய்மாமாவும் நானும் ஒரே ரூம்ல தங்கியிருந்தோம்."

இவருக்கு அப்பவே எங்கேயோ இடிச்சுது. வேலையை முடிச்சு வெளிய வந்ததும் மாமாவுக்கு ஃபோன். மாமா அப்படி யாரும் இல்லையேன்னுட்டார். மாட்டினான்னு நினைச்சுக்கிட்டே பைக்கை எடுத்திருக்கார். தெருமுனை கூடத் தாண்டலை... மாமா திருப்பிக் கூப்பிடறார். "அட, இருந்தான்டா. நல்ல பையன். எப்படி மறந்தேன்னே தெரியலை."

ஏய், அந்த டார்ச்சை மூஞ்சில அடிக்காத. கீழ வை.

மூணாவது தடவை அந்த ஆள் இவர் வீட்டுக்கே வந்துட்டான். சாயங்காலம் வேலை முடிஞ்சு போறார்... ஹால்ல உக்காந்து டீ குடிச்சிட்டிருக்கான். இவர் சம்சாரம் பஸ்ல வந்தாங்களாம், பக்கத்து சீட்ல இவனாம். பேச்சுக் கொடுத்துப் பாத்தா அவங்க பெரியம்மா பையனாம். "சின்ன வயசுல பாத்ததுங்க, எனக்கே அடையாளம் தெரியலை"ன்னு அவங்க சிரிக்கிறாங்க. அவன் எழுந்து வந்து இவர் தோள்ல கை போட்டு, "மச்சான்"னான்.

அன்னிக்கு பைக்ல தம்பி... இன்னிக்கு வீட்ல மச்சான்.

இப்ப நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? சட்டையைப் பிடிப்பீங்களா? எதைச் சொல்லிப் பிடிப்பீங்க? அவன் சொன்னதை எல்லாம் இவரோட மனுஷங்களே ஆமாம்னு சொல்றாங்களே. ஃப்ரிட்ஜ்ல கேஸ் லீக் இருந்தா பைப் ஜாயிண்ட்ல எல்லாம் சோப்பு நுரை தடவிப் பாப்பாங்களாம். ஓட்டை இருக்குற இடத்துல குமிழி வரும். "எல்லா ஜாயிண்ட்லயும் தடவிப் பாத்துட்டேன், ஒரு குமிழிகூட வரலை"ன்னு தங்கச்சிக்கு ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கார். நடந்தது எல்லாத்தையும் அப்பப்ப அவகிட்டதான் சொல்லிட்டு இருந்தார். வேற யாரும் காது கொடுத்துக் கேக்கலை. சம்சாரம், "உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்"னு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க.

அந்த ஆள் தினமும் வர ஆரம்பிச்சுட்டான். பாப்பா அவன் மடியில. இவருக்கு வயிறு எரிஞ்சுது. ஒரு நாள் அவனை மடக்கியே தீரணும்னு இவர் ஒரு வேலை பண்ணினார். தப்பு அங்கதான்.

இல்லாத ஒரு மாமாவை உண்டாக்கினார். கண்ணுல பட்டது சுவத்துல மாட்டியிருந்த குடை. சாதாரணமா கேக்குற மாதிரி, "ஆமா, நம்ம குடை மாமா எப்படி இருக்கார்?"னார்.

அந்த ஆள் டம்ளரைக் கீழ வெச்சான். டங்னு ஒரு சத்தம்... இவரைப் பாத்தான். அப்புறம் சிரிச்சான். "முட்டி வலிதான் பாவம். உன்னைத்தான் கேட்டுட்டே இருக்கார்."

இவருக்கு உள்ளுக்குள்ள அப்படி ஒரு சந்தோஷம். கடைசியில ஒரு குமிழி வந்துடுச்சே. நேரா சமையலறைக்குப் போய் அம்மா காதுல சொன்னார். "அம்மா, இவன் திருட்டுப் பயல். குடை மாமான்னு நானா ஒருத்தரைக் கட்டிவிட்டேன், அவருக்கு முட்டி வலின்றான்."

அம்மா கையைத் துடைச்சுக்கிட்டே திரும்பினாங்க. கண்ணெல்லாம் தண்ணி. "எப்படிடா உனக்கு இப்படிப் பேச மனசு வருது? உன்னைத் தோள்ல தூக்கிட்டுப் போய் ஸ்கூல்ல விட்டவர்டா அவர்."

...

அதைவிடக் கொடுமை என்னன்னா, ரெண்டு நாள் கழிச்சு இவருக்கே ஞாபகம் வந்துடுச்சு. யாரோ தோள்ல தூக்கிட்டுப் போறாங்க... மழை... தலைக்கு மேல கறுப்புக் குடை, துணியில தண்ணி படபடன்னு விழுற சத்தம்... தங்கச்சிக்கு ஃபோன் பண்ணி அழுதாராம். "நான்தான் அவரை உண்டாக்கினேன். ஆனா எனக்கு ஞாபகம் வருதே." அவளுக்கும் அந்த மழை ஞாபகம் வந்துடுச்சாம். அண்ணன்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சு, சொல்லலைன்னா.

அதுக்கப்புறம் அவர் ஃபோன் வரலை. பத்துப் பதினஞ்சு நாள் போச்சு. அண்ணி கூப்பிட்டாங்க, "அண்ணன் உன்னைப் பாக்கணும்னு சொல்றார், சாப்பிட வா"ன்னு. போனா. அம்மா, அண்ணி, பாப்பா, அண்ணன்... எல்லாரும் உக்காந்து சாப்பிடறாங்க. நல்ல பேச்சு, நல்ல சிரிப்பு. அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியலை. இதை மட்டும் அவ ரெண்டு தடவை சொன்னா. "எதிர்ல உக்காந்திருந்தது என் அண்ணன்தான்டி. அந்த நிமிஷம் சத்தியமா அப்படித்தான் தோணுச்சு."

அப்ப அவ ஃபோன் அடிச்சுது. தெரியாத நம்பர்.

"எலி..."

எலின்னு அவளை ஒரே ஒருத்தர்தான் கூப்பிடுவார். "எலி, நான் வாசல்லதான் நிக்கிறேன். நீ வர்றதுக்கு முன்னாடியே உங்க அண்ணி யார் நீங்கன்னு கேட்டுட்டுக் கதவைச் சாத்திட்டா. பாப்பாவும் என்னைப் பாத்து பயப்படுது. நீயாவது வந்து நான் யாருன்னு சொல்லு."

குரல் தெரிஞ்சுது. அவ நிமிர்ந்து பாத்தா. எதிர்ல இருந்தவன் சாப்பிடறதை நிறுத்திட்டு அவளையே பாத்துட்டு இருந்தான். அப்பத்தான் அந்த வாசனையே அவ மூக்குல ஏறுச்சு... அந்துருண்டை. "யாரு?"ன்னு கேட்டான்.

"ராங் நம்பர்"னு சொல்லி வெச்சுட்டா.

வெளிய யாரோ படி இறங்குற சத்தம். ரொம்ப மெதுவா. அப்புறம் ஒரு பைக் கிளம்பிப் போச்சு.

லேப்ல பஞ்சை கையில வெச்சுக்கிட்டு அப்படி அழுதா. "பயந்துட்டேன்டி. கூடப் பொறந்தவனைப் பயத்துல துரத்தி விட்டுட்டேன். கொஞ்ச நாள்ல எனக்கும் மறந்துடும். மறந்துட்டு வருதுன்னு எனக்கே தெரியுது. சொந்தக்காரங்க ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. நீ எங்களுக்கு எந்த வழியிலயும் சொந்தம் கிடையாது. நீயாவது அவரை ஞாபகம் வெச்சுக்கோ"ன்னா.

சரின்னேன். அவ பொய் சொல்றாளோன்னுகூட நினைச்சேன், நெஜமாத்தான் சொல்றேன். ஏதோ குடும்பச் சண்டையை இப்படிச் சொல்றாளோன்னு.

இந்தத் திங்கக்கிழமை கேட்டேன், "மெக்கானிக் அண்ணன் பத்தி ஏதாவது தெரிஞ்சுதா?"ன்னு. முழிக்கிறா. "எந்த மெக்கானிக்? எனக்கு இருக்குறது ஒரே அண்ணன். தினமும் அவன்தானே வந்து என்னைக் கூட்டிட்டுப் போறான்." முகத்துல ஒரு துளி நடிப்பு இல்லை. கொஞ்ச நேரம் கழிச்சு அவளே வந்து, "சொல்ல மறந்துட்டேன் பாரு. அண்ணன்கிட்ட உன்னைப் பத்திப் பேசினேன். உங்க அப்பாவைப் பத்தி எல்லாம் விசாரிச்சான். நாம சொந்தமாம்டி"ன்னா.

சிரிச்சுட்டு வந்துட்டேன்.

எங்க அப்பாவைத்தான் உங்களுக்குத் தெரியுமே. சொந்தக்காரங்கன்னாலே பத்தடி தள்ளி நிக்கிற மனுஷன். நேத்து அவருக்கு ஃபோன் போட்டேன். இப்படி ஒருத்தர் சொந்தம்னு சொல்றாராமே, உண்மையான்னு கேட்டேன். "எவன்மா அவன்? நமக்கு அந்தப் பக்கம் ஒருத்தரும் கிடையாது, கிட்ட சேக்காதே"ன்னு கத்தினார். அந்தத் திட்டு எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? நல்லாத் தூங்கினேன்.

நீங்க நாலு பேரும் எனக்கு எதுவுமே ஆக மாட்டீங்க. ஒரே ரூம், ஒரே வாடகை, அவ்ளோதான். அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். தங்கச்சியை எலின்னு கூப்பிடுவார். நான் கேட்டா திருப்பிச் சொல்லுங்க. நான் யாருன்னு முழிச்சாலும் விடாம சொல்லுங்க.

ஏன்னா... கரண்ட் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நான் பால்கனியில ஃபோன் பேசிட்டு இருந்தேனே, அது அப்பாதான். அவராவே கூப்பிட்டார்.

"அட, நேத்து கேட்டியேம்மா... இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு"ன்னார். அவர் குரல்ல அவ்ளோ சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை.