நகத்தளவு உலோகம்

எம் தங்கச்சிய எந்த வாயால பொய்க்காரின்னு சொன்னீங்க சார்? உக்காருங்க. அந்தப் போன எடுக்காதீங்க. அடிக்க வரல, பேசத்தான் வந்துருக்கேன். கொரல் எனக்குப் பொறவியிலயே பெருசு.

ஆமா, தாமரைச்செல்வியோட அண்ணன்தான். சிம்மக்கல்லுல பழைய மோட்டாரு, செம்புக் கம்பி வாங்கி விக்கிறேன். எட்டாப்புத் தாண்டல. இவனுக்கு என்ன தெரியும்னுதானே பாக்குறீங்க? செம்பு தெரியும் சார். ஒரு முனைய அடுப்புல காட்டி மறுமுனையப் புடிச்சா, எம்புட்டு நேரத்துல சுடுதுன்னு பாத்தே கலப்படமா இல்லையான்னு சொல்லிருவேன். கரண்டு நல்லா ஓடுற கம்பியில சூடும் நல்லா ஓடும். நீங்க புஸ்தகத்துல படிச்சத நான் கையச் சுட்டுப் படிச்சேன்.

அந்தக் கணக்குக்கு அடங்காத உலோகம் ஒண்ண அந்தப் புள்ள வளத்துருக்கு. டோப்பாலஜிக்கல் மெட்டலாம். கண்ணாடிக் குழாயில வச்சு மூடி, உலையில ஏத்தி, மணிக்கு ரெண்டே டிகிரியா ஆறவிட்டு, ஒட்டுப் போடாத ஒத்தப் படிகமா எடுத்துச்சு. சுண்டுவிரல் நகத்தளவு. அதுல கரண்டு சல்லுன்னு போகுது, சூடு அந்த அளவுக்குப் போகலன்னு அளந்து எழுதுச்சு. அவளுக்குக் கைடா இருக்குற நீங்க திரும்ப அளந்தீங்க. கரண்டு அச்சா ஒத்துப்போச்சு, சூடு ஒத்துவரல. ஒடனே இட்டுக்கட்டிட்டான்னுட்டீங்க, அம்புட்டுப் பேரு முன்னாடி.

ரெண்டு தடவ அளந்தீங்களா? இருபது தடவ அளங்களேன். கரண்டுல நேர்மையா இருந்தவ சூட்டுல மட்டும் எதுக்குய்யா பொய் சொல்லணும்?

மூணு மணிக்குக் கமிட்டி. அவள ஆராய்ச்சிய விட்டு வெலக்குற கடுதாசி அந்தா, உங்க பேனாவுக்கு அடியில கெடக்கு. தெரிஞ்சுதான் வந்தேன்.

இல்ல, அவ அனுப்பல. நேத்துலருந்து அவ பச்சத்தண்ணி குடிக்கல. நீங்க மேசையில வீசுன படிக டப்பா அவ பையில கெடந்துச்சு, நான்தான் தொறந்து பாத்தேன், கடை லென்ச வச்சு. நாலு மூலையில கரண்டுக் கம்பி ஒட்டுன எடம் சுத்தமா இருக்கு. நடுவுல, நீங்க சூடு பாக்குற கம்பிய ஒட்டுன எடத்துல, மஞ்சளா ஒரு பொருக்கு. அழுக்கு மேல கம்பிய ஒட்டுனா சூடு எப்புடி சார் சரியாக் காட்டும்?

அவளா? அவளுக்கு இன்னும் தெரியாது சார். அளந்து முடிச்சு, காலேஜு லீவுன்னு டப்பாவ வீட்டுக்குக் கொண்டாந்தா. மறுநா ஆயுத பூச. தராசு, ஸ்பேனரு, வண்டிச்சாவின்னு வரிசையா வச்சேன். அவ குளிக்கப் போயிருந்தா. அவ ஆயுதம் அதுதானே? தொறந்து, நடுவுல சின்னதாச் சந்தனம் வச்சேன். பூச முடிஞ்சு ஈரத்துணியால தொடச்சேன். போயிருச்சுன்னு நெனச்சேன். லீவு முடிஞ்ச அன்னைக்கே அப்படியே உங்க கையில குடுத்துருக்கா.

ம். நான்தான்.

கமிட்டியில நானே வந்து சொல்றேன், என்னைய எம்புட்டு வேணா வையுங்க. பேரம் பேசியே வளந்தவன் நான், இதுல பேரம் கெடையாது. இந்தாங்க டப்பா. அவ கையாலயே கழுவி, உங்க கண்ணு முன்னாடி மறுபடி அளக்க விடுங்க. சூடு அவ எழுதுன மாதிரி வந்துச்சுன்னா, நீங்க பொய்க்காரின்னு சொன்னதக் கேட்ட அதே ஆளுங்க முன்னாடி இல்லன்னு சொல்லுங்க. கடுதாசியக் கிழிங்க சார். இப்பப் போன எடுங்க, அவளக் கூப்புடுங்க. நம்பர நான் சொல்றேன்.