கையை அசைக்காமல் உரித்த கடலை

மஞ்சக்குட்டை பஸ்ஸுக்காக ஏற்காட்டில் காத்திருந்தேன். கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்த ஒருவரைச் சுவர்மேல் இருந்த குரங்கு வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் காப்பி எஸ்டேட்டில் வேலை செய்யும் இரண்டு பெண்கள். இளையவளின் வலது கை பக்கவாதத்தில் துவண்டு மடியில் கிடந்தது.

“ஏனுங்க அக்கா, அந்தக் கொரங்கும் கையை அசைக்காமயே கடலை உரிக்குதுங்க.”

“அது சும்மாதான கண்ணு உக்காந்திருக்குது?”

“மண்டைக்குள்ள உரிக்குதுங்க. கை அசையறதுக்கு முந்தியே மூளையில ஒரு எடம் திட்டம் போடுமாமுங்க. அடுத்தவங்க செய்யறதைப் பாத்தாலும் அந்த எடம் வேலை செய்யுமாமுங்க. கொரங்குக்கும் அப்படித்தான், நமக்கும் அப்படித்தானாமுங்க. பாத்துப் பாத்தே கை மறுபடி அசையலாம்னு டாக்டர் சொன்னாருங்க.”

“அப்ப நான் காப்பிப் பழம் பறிக்கறதைப் பாத்தா?”

“நானும் பறிக்கற மாதிரிதானுங்க.”

 மூத்தவள் வெறும் காற்றில் ஒரு கிளையை வளைத்துப் பிடித்து, ஒவ்வொரு பழமாகக் கிள்ளத் தொடங்கினாள். இளையவள் கண் இமைக்கவில்லை.

“அக்கா, அது பச்சைக் காயிங்க. எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டர் பாத்தா திட்டுவாருங்க.”

மூத்தவள் சட்டென்று விரலை இழுத்துக்கொண்டாள்.