மனாயாவின் இரவு மாத்திரை

என் பெயர் லகி இயோசெஃபா. வயது அறுபத்தேழு. என் கணவர் இயோசெஃபா காலமாகிவிட்டார். குயின்ஸ்லாந்து மாநிலம் லோகன் நகரில், எங்கள் சமோவா சபையின் தேவாலயத்துக்குப் பின்தெருவில், மகன் பெனியுடன் குடியிருக்கிறேன். ஊரில், சவாயித் தீவில், ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். எழுதப் படிக்கத் தெரியும். இந்த நாட்டுக்கு வந்து அலுவலகங்களைக் கூட்டித் துடைத்து நான்கு பிள்ளைகளை ஆளாக்கினேன். அவர்களில் ஒருவரும் யாரிடமும் கையேந்தியதில்லை. இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள்.

இந்த வழக்கு என் பேத்தி மனாயாவுக்கு மருந்து கொடுக்கலாமா, கொடுத்தால் எந்த மருந்து என்பது பற்றியது. அவளுடைய தகப்பன் என் மகன் பெனி. தாய் ரூத்தா, அவளும் எங்கள் ஊர்ப் பெண்தான், முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். இருவரும் பிரிந்து வாழ்கிறார்கள். குழந்தை தாயிடம் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டுக்கு வந்து ஞாயிறு மாலை திரும்பிப் போவாள். குழந்தைக்காக நீதிமன்றம் அமர்த்திய வழக்கறிஞர் அம்மாவின் முன்னிலையில், எங்கள் மொழியை மொழிபெயர்ப்பவர் உடனிருக்க, நான் சொல்வது பின்வருமாறு.

பேத்திக்கு இப்போது எட்டு வயது. நடக்கத் தொடங்கிய நாள் முதல் அவள் ஓரிடத்தில் உட்கார்ந்ததில்லை. நாங்கள் அதைக் குறையாக எண்ணவில்லை. பள்ளியில் சேர்த்த பிறகு, வகுப்பு நடக்கும்போதே எழுந்து வேலி வரைக்கும் போய்விடுகிறாள் என்றும், தொடங்கிய எதையும் முடிப்பதில்லை என்றும் ஆசிரியை சொல்லியனுப்பினார். அதோடு பயமும் இருந்தது. காலையில் வயிறு வலிக்கிறது என்பாள். அம்மா வேலைக்குப் போகும் வழியில் செத்துப்போனால் தன்னைப் பள்ளியிலிருந்து யார் அழைத்துப் போவார்கள் என்று கேட்பாள். நகத்தைச் சுற்றியுள்ள தோலை ரத்தம் வரும்வரை பிய்ப்பாள்.

அதன் பிறகு ரூத்தா அவளைக் குழந்தை மருத்துவரிடம் காட்டினாள். கவனம் நிற்காத துறுதுறுப்பு, பதற்றம் ஆகிய இரண்டும் இருப்பதாகவும், ஒன்றைத் தணிக்கிற மருந்து சில பிள்ளைகளுக்கு மற்றதைக் கிளப்பிவிடும் என்பதால் இவளுக்குப் பொருந்துவதைப் பார்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னதாக ரூத்தா என்னிடம் சொன்னாள்.

முதலில் காலையில் விழுங்குகிற கேப்சூல் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பள்ளியில் உட்கார்ந்து எழுதினாள். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. என் வீட்டில் ஒரு பிள்ளை தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனது அதுவே முதல் தடவை. பயமும் கூடிவிட்டது. தன் புருவ மயிரைத் தானே பிடுங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பென்சிலால் புருவம் வரைந்து சபைக்கு அழைத்துப் போனேன். சனி ஞாயிறு பள்ளி இல்லாததால் அந்த நாட்களில் கேப்சூலை விட்டுவிடலாம், பிள்ளை சாப்பிட்டுத் தேறட்டும் என்று மருத்துவர் அனுமதித்தார். அதனால் எங்கள் வீட்டுக்கு வந்தால் மருந்து கிடையாது என்பது வழக்கமாகிவிட்டது.

அதன் பிறகு, போன குளிர்காலத்தில், மருத்துவர் கேப்சூலை நிறுத்திவிட்டு வேறு வகை மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை ரூத்தா எங்கள் வீட்டு வாசலில் வைத்துப் பெனியிடம் கொடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"இது வேற மாத்திரை. ராத்திரி ஒண்ணு. சனி ஞாயிறுன்னு விடக் கூடாது. நிறுத்துறதா இருந்தாலும் டாக்டர் சொல்லி கொஞ்சம் கொஞ்சமாத்தான் நிறுத்தணும். திடீர்னு விட்டா ரத்த அழுத்தம் ஏறிடுமாம். அத்தை, நீங்களும் கேட்டுக்குங்க" என்றாள்.

"எட்டு வயசுப் புள்ளைக்கு ரத்த அழுத்தமா? அது எங்கம்மாவுக்கு வர்ற நோய்" என்று பெனி சிரித்தான். "நானும் இப்படித்தான் ஓடிக்கிட்டு இருந்தேன். எனக்கு யாரு மாத்திரை குடுத்தா?"

"உனக்கு மாத்திரை இல்ல, பெனி. விளக்குமாறு இருந்துச்சு."

ரூத்தா அதை அவனிடம்தான் சொன்னாள். ஆனால் என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் உள்ளே போய்விட்டேன். பெனி ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் என்பதையும், எந்த வேலையிலும் நிலைக்காமல் இப்போதுதான் இறைச்சிக் கிடங்கில் ஊன்றியிருக்கிறான் என்பதையும் வழக்கறிஞர் அம்மா கேட்டதால் சொல்கிறேன்.

அந்த மாத்திரை முதலில் தூக்கத்தைக் கொடுத்தது. பிறகு பிள்ளை சாப்பிட்டாள். புருவம் முளைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் பின்னால் முழங்காலிட்டு என் தலையைப் பின்னத் தொடங்கியவள், நுனி வரைக்கும் பின்னி முடித்து ரப்பரும் போட்டாள். அதற்கு முன்பெல்லாம் பாதிப் பின்னலில் எழுந்து ஓடிவிடுவாள், மீதியை நான் முடித்துக்கொள்வேன். இதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரைக்குப் பெருமை சேரும் என்று சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் தங்கும் வெள்ளி, சனி இரவுகளில் பெனி பழைய வழக்கப்படியே மாத்திரையை விட்டுவிட்டான். திங்கட்கிழமை தலை வலிக்கிறது என்கிறாளே, அங்கே ஒழுங்காகத்தான் கொடுக்கிறீர்களா என்று ரூத்தா போனில் கேட்டாள். கொடுக்கிறோம் என்று பெனி சொன்னான். மாத்திரை விஷயம் தகப்பன் பாடு என்று நான் இருந்துவிட்டேன்.

அதன் பிறகு அக்டோபர் மாதம் வெள்ளை ஞாயிறு வந்தது. அது எங்கள் பிள்ளைகளின் நாள். பிள்ளைகள் வெள்ளை உடுத்தி, சபை முன்னால் ஒவ்வொருவராக நின்று வேதவசனம் ஒப்பிப்பார்கள். பிறகு அவர்களை உட்காரவைத்துப் பெரியவர்கள் நாங்கள் பரிமாறுவோம். அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகே நாங்கள் சாப்பிடுவோம். எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளில் யாரும் அந்த மேடையில் வசனத்தை மறந்ததில்லை. மனாயா வேதாகமத்துச் சங்கீதம் ஒன்றை முழுவதுமாகச் சொல்வாள் என்று நான்தான் போதகரின் மனைவியிடம் பெயர் கொடுத்தேன். ரூத்தாவும் சம்மதித்து, தன் வீட்டில் வைத்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

மாலை நேரப் பயிற்சி இருந்ததால், அந்த வாரம் புதன்கிழமையே ரூத்தா பிள்ளையை மாத்திரையோடு எங்கள் வீட்டில் விட்டாள். அன்று மாலைப் பயிற்சியில் மனாயா கொட்டாவி விட்டு, பெஞ்சில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டாள். பாடகர் குழுவை நடத்துகிற ஃபிலிபோ, "லகியம்மா பேத்தி வசனம் சொல்லப் போறதில்ல, குறட்டைதான் விடப்போறா. நாங்க அதுக்கு ராகம் போட்டுக்கிறோம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று இரவு பெனி மாத்திரையை உறையிலிருந்து பிரித்து எடுத்தான். பிள்ளையிடம் கொடுக்காமல் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "ஞாயித்துக்கிழமை முடியட்டும்மா. வெள்ளைத் துணியப் போட்டுக்கிட்டு மேடையில தூங்கி வழிஞ்சா யாருக்கு அசிங்கம்?" என்றான். நான் அப்போது அந்த வெள்ளை உடுப்பின் விளிம்பைத் தைத்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமல் தைத்தேன்.

வியாழக்கிழமை பயிற்சியில் பிள்ளை தூக்கக் கலக்கமில்லாமல் முழுச் சங்கீதத்தையும் சொன்னாள். "பாத்தியாம்மா?" என்று பெனி என் தோளில் இடித்தான். அதன் பிறகு வெள்ளிக்கிழமை தலைவலி என்று சொன்னாள். சனிக்கிழமை எதையும் சாப்பிடாமல், என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்து, "பாட்டி, உள்ள யாரோ ஓடுறாங்க" என்றாள். அது மேடைப் பயம், எல்லாருக்கும் இருப்பதுதான் என்று சொல்லிக் கோகோ காய்ச்சிக் கொடுத்தேன். அன்றும் மாத்திரை கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் மேடை ஏறினாள். பாதிச் சங்கீதம் வரை சத்தமாகச் சொன்னாள். பிறகு நின்றுவிட்டாள். எங்கள் சபையில் பிள்ளை வசனத்தை மறந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். எல்லோரும் சிரித்து, கைதட்டி, "மாலோ, மாலோ", அதாவது நன்று நன்று என்று கூவித் தேற்றுவார்கள். அன்றைக்கு முதலில் கூவியது நான். அவள் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். அப்போது மூக்கிலிருந்து ரத்தம் வந்து உடுப்பில் விழுந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு மேடையிலிருந்து குதித்து ஓடி, பாடகர்களின் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டாள். யார் கூப்பிட்டும் வெளியே வரவில்லை.

அதன் பிறகு பெனி தன் வெள்ளைக் கோட்டோடு தரையில் குப்புறப் படுத்து, பெஞ்சுக்கு அடியில் கையை நீட்டி, "அப்பா விரலு மட்டும்தான் வந்திருக்கு. விரலப் புடிச்சுக்க. வேற யாரும் வர மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வெகுநேரம் கழித்து அவள் அந்த விரலைப் பிடித்தாள். என் மகன் அந்தப் பிள்ளையை ஒருநாளும் அடித்ததில்லை. அதையும் எழுத வேண்டும்.

பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ரத்த அழுத்தம் மிகவும் ஏறியிருப்பதாகச் சொன்னார்கள். ரூத்தா வேலையிலிருந்து நேராகத் தேவாலயத்துக்கு வந்து, அங்கே விவரம் கேட்டு ஓடிவந்தாள். திரைக்குப் பக்கத்தில் அவள் நிற்கும்போதே மருத்துவர், "கடைசியா மாத்திரை எப்பக் குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"நேத்து ராத்திரி. தினமும் தவறாமக் குடுக்கிறோம்" என்றான் பெனி. பிறகு என்னைப் பார்த்தான்.

என் கையில் ரத்தக்கறை படிந்த உடுப்பு பிளாஸ்டிக் பையில் இருந்தது. நான் பையின் வாயை முடிச்சுப் போட்டேன்.

மருத்துவர் அவன் சொன்னதை எழுதிக்கொண்டார். அதன் பிறகு குழந்தை மருத்துவர் அதைப் படித்துவிட்டு, இந்த மாத்திரை இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு செய்து, முறைப்படி நிறுத்திவிட்டார். ரூத்தா மருத்துவமனை நடையில் என்னிடம், "இதுதான் இவளுக்குப் பொருந்துச்சுன்னு நெனச்சேன், அத்தை. நான் ஊட்டினதுதானே எம்புள்ளைய இப்படிப் பண்ணிருச்சு?" என்று கேட்டாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

இப்போது பிள்ளைக்கு எந்த மருந்தும் இல்லை. மறுபடியும் புருவத்தைப் பிடுங்குகிறாள். பழைய கேப்சூலையே குறைந்த அளவில் கொடுத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்ல, ரூத்தா வேறு வழியில்லாமல் சம்மதித்திருக்கிறாள். எந்த மருந்தும் கூடாது என்று பெனி மறுக்கிறான். மாத்திரைதான் பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது என்பதே அவன் தரப்பு.

இங்கே வருவதற்கு முன் பெனி என்னிடம், "ரெண்டே வார்த்தை சொன்னாப் போதும்மா. மாத்திரை தவறாமக் குடுத்தோம், அதுதான் புள்ளையப் படுக்க வச்சுது. அவ்வளவுதான். மாத்திச் சொன்னா, புள்ளைய நம்ம கண்ணுலயே காட்ட மாட்டாங்க" என்றான். நானும் சரி என்றேன். அவன் சொல்வது நடக்கும் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மாலையானால் அவளுடைய காலடிச் சத்தம் கேட்கும் என்பதைத் தவிர எனக்கு இப்போது வேறு எதிர்பார்ப்பு இல்லை.

ஆனால் போன சனிக்கிழமை மனாயா என் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். பாதியில் கையை எடுத்துவிட்டு, "பாட்டி, அந்த மாத்திரை என்னைக் கொல்லப் பாத்துச்சா? அப்பா சொன்னாரு" என்று கேட்டாள்.

இல்லை, அது நல்ல மாத்திரைதான் என்று என் வாயில் வந்துவிட்டது.

"அது நல்லதுன்னா, நான் ஏன் மறந்துட்டேன்? நான்தான் அப்படியா?"

அவளுக்குச் சொல்லாத பதிலை இங்கே சொல்கிறேன். புதன் தொடங்கிச் சனி வரை எந்த இரவிலும் அவளுக்கு மாத்திரை கொடுக்கப்படவில்லை. அதற்கு முன் அவள் எங்கள் வீட்டில் தங்கிய வெள்ளி, சனி இரவுகளிலும் கொடுக்கப்படவில்லை. விடக் கூடாது என்று ரூத்தா சொன்னதை நானும் என் மகனும் காதால் கேட்டோம். மேடையில் அவளை மறக்கவைத்தது அந்த மாத்திரை அல்ல. அவளும் அல்ல. இதை அவளுடைய மருத்துவருக்கும், என் மருமகள் ரூத்தாவுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் இதைச் சொல்லும் நேரத்தில் பெனி வெளியே நடையில் உட்கார்ந்திருக்கிறான். என் குடையும் கைப்பையும் அவனிடம் இருக்கின்றன. இதைச் சொல்லும்படி என்னை யாரும் மிரட்டவோ கெஞ்சவோ இல்லை.

எழுதியதை எனக்கு எங்கள் மொழியில் படித்துக் காட்டினார்கள். மருத்துவமனையில் நடந்ததை நான் சொன்னபோது வழக்கறிஞர் அம்மா, "தகப்பன் மருத்துவரிடம் சொன்னது பொய்யா?" என்று கேட்டதற்கு நான் ஆமாம் என்று தலையசைத்ததாகவும், அதனால் 'என் மகன் பொய் சொன்னான்' என்று கடைசியில் தனி வரியாகச் சேர்த்திருப்பதாகவும் சொன்னார்கள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, 'என் மகன் சொன்னது நடந்ததோடு ஒத்துப்போகவில்லை' என்று மாற்றும்படி கேட்டேன். மாற்ற முடியும் என்று சொல்லிப் பேனாவை எடுத்தார்கள். பிறகு நான், வேண்டாம், இருந்தபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

என் மகன் பொய் சொன்னான்.

மேலே எழுதியிருப்பது முழுவதும் நான் என் வாயால் சொன்னது, கண்ணால் கண்டது, நடந்தது. கூட்டியோ குறைத்தோ எதையும் சொல்லவில்லை என்பதற்கு அடையாளமாக, என் சொந்தக் கையால் கீழே பெயர் எழுதுகிறேன்.

(ஒப்பம்)
லகி இயோசெஃபா